நாய்க்கு மூக்கில் ரத்தம்: உண்ணி எங்கே இருக்கிறது?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஆடு வளர்க்கிறேன். பட்டிக் காவலுக்கு நான்கு வயது நாட்டு நாய் உண்டு. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சோர்ந்து படுக்கிறது. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. உடம்பெல்லாம் உண்ணி. ஆட்டிலிருந்து ஒட்டியிருக்குமா? ஆட்டுக்கு வாங்கிய சைபர்மெத்ரின் மிச்சம் இருக்கிறது. அதையே நாய்க்கும், தெள்ளுப்பூச்சி பிடித்த பூனைக்கும் அடிக்கலாமா?

பதில்: முதலில் பூனை. அந்த மருந்தை அதன் மேல் அடிக்கவே கூடாது. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு வந்து செத்தே போகலாம். நாய்க்கு அடித்தாலும் அது காயும்வரை பூனையைப் பக்கத்தில் விடாதீர்கள். பூனைக்கென்றே பிடரியில் சொட்டு விடும் மருந்து கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

நாயை இன்றே காரைக்குடிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ தூக்கிப் போங்கள். உண்ணியும் சோர்வும் மூக்கு ரத்தமும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் எர்லிக்கியா என்ற கிருமி மேல்தான். அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்களை ஏராளமாகக் கொன்றது இதே நோய்தான். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுப் போங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தால் உண்ணி பரப்பும் பபீசியா என்ற இன்னொரு கிருமியாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஊசி போட்டுத் திரும்பாதீர்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் கணக்கில் தினமும் 28 நாள், சாப்பாட்டோடு கொடுப்பது வழக்கம். பபீசியாவுக்கு அது போதாது, மருந்தே வேறு. நாலைந்து நாளில் நாய் தட்டை நக்க ஆரம்பிக்கும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பும். நம் காய்ச்சல் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம்.

சரி, ஆட்டிலிருந்து வந்ததா? பெரும்பாலும் இல்லை. நம் ஊர் நாய்களில் அதிகம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. அதற்கு நாய் ரத்தம்தான் வேண்டும், வீடு உங்கள் சுவர். ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் ஒளிந்து தோல் உரிக்கும். வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் திண்ணை இடுக்கிலும் சுண்ணாம்பு உதிர்ந்த காரையிலும் விறகுக் குவியலிலும் காத்திருக்கிறது. பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் முகப்பில் தெருநாய்கள் படுக்கிறதா என்றும் பாருங்கள்.

அதனால் நாய்க்கு மருத்துவர் சொல்லும் உண்ணி மாத்திரையை விடாமல் கொடுங்கள். வலிப்பு வரும் நாயாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடவே நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி, சுவரின் மேல்பகுதி வரை மருந்தடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், சில மாதம் தொடருங்கள். விரிசலைச் சுண்ணாம்பு பூசி அடையுங்கள். சிலர் கேஸ் பர்னரால் சுவரைச் சுடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கையால் பிடுங்கி நகத்தில் நசுக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் மனிதருக்கும் வரும். கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது எல்லாம் தப்பு. பிடுங்குவதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது, கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா உள்ளே போய்விடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தடிப்பும் வந்தால், நாய்க்கு உண்ணி இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூனையின் வால் அடியில் அரிசிபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கியதால் வந்தது. சொட்டு மருந்தோடு குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள்.