அமெரிக்காவின் பழைய பாடல்களுக்கு இசையமைத்தவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

ஹரால்ட் ஆர்லன். இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், கெர்ஷ்வின் என்று பெரிய பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்போது இவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. மெட்டைப் பாடிக் காட்டினால் உடனே தெரியும். 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் ஜூடி கார்லண்ட் பாடிய 'ஓவர் த ரெயின்போ' அவருடையதுதான். வரிகள் யிப் ஹார்பர்க்.

அந்த மெட்டை நம் சுரங்களில் பாடிப் பாருங்கள். முதல் சொல்லிலேயே கீழ் சட்ஜமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்கு ஒரே தாவல். அப்புறம் நி, ப, த, நி என்று இறங்கி ஏறி மறுபடியும் மேல் ச. கைக்கெட்டாத ஒன்றுக்கு ஏங்கும் மனதை அந்த ஒரு தாவலில் வைத்துவிட்டார். ஆங்கிலமே தெரியாதவருக்கும் அது புரியும். நடுப்பகுதி இதற்கு நேர்மாறு. 'க'வும் 'ப'வும் மாறி மாறி வரும், பியானோ பழகும் குழந்தை இரண்டே கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பது மாதிரி. பாடுவது ஒரு சிறுமி என்பதை மெட்டே சொல்லிவிடுகிறது! இந்தப் பாட்டைப் போய், வெளியீட்டுக்கு முன் சோதனையாகத் திரையிட்டுப் பார்த்த பிறகு படத்திலிருந்து வெட்டினார்கள். பிறகு போராடித்தான் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் அந்த ஆண்டுக்கான ஆஸ்கர் இதற்கே கிடைத்தது.

ஆனால் எனக்கு ஆர்லனைப் பிடிக்க முக்கியக் காரணம் வேறு. அவர் 1905இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பா யூதர்களின் ஜெபக்கூடத்தில் வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துபவர். மகன் அங்கேதான் பாடிப் பழகினார். ஒருநாள் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாராம். அதில் ஒரு சங்கதியைக் கேட்டதும் அப்பா திகைத்துப்போய், இது ஆம்ஸ்ட்ராங்குக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். ஜெபத்தில் தாம் பாடுவது போலவே அவருக்கு ஒலித்திருக்கிறது. ஆர்லனின் இசை முழுவதையும் அந்தக் கேள்வியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். யூதர்களின் பிரார்த்தனையும் கறுப்பின மக்களின் சோகப் பாடல் வகையான ப்ளூஸும் அவரிடம் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது, ஒரே குரலாகத்தான் வரும்.

1930களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதிக்காக, டெட் கோலரின் வரிகளுக்கு அவர் நிறைய மெட்டமைத்தார். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், எதிரே வெள்ளையர்கள் மட்டும். அப்படிப்பட்ட இடம் அது. அங்கே 1933இல் எத்தல் வாட்டர்ஸ் பாடியதுதான் 'ஸ்டார்மி வெதர்'. காதலனைப் பிரிந்தவளின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாத கனம் அதில் இருக்கிறது.

இலக்கணத்துக்கு அடங்காதவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலப் பாட்டு பெரும்பாலும் 32 தாளக்கட்டுகளில் (bars) முடிந்துவிடும். ஜானி மெர்சரின் வரிகளுக்கு அவர் அமைத்த 'ஒன் ஃபார் மை பேபி' 48 வரை போகிறது, பாதியில் சுருதியும் மாறிவிடுகிறது. மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறவன் இடையில் நிறுத்துவானா? அந்த நீளம் அவனுக்குத் தேவைப்படுகிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது 1933இல் லியோ ரைஸ்மன் குழுவோடு ஆர்லனே பாடிப் பதிவுசெய்த 'ஸ்டார்மி வெதர்'. இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதைக் கேட்டுவிட்டு எத்தல் வாட்டர்ஸ் பாடியதைக் கேளுங்கள், சரியா?