போக்கர் தொடங்குபவர்களுக்கு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) பெரிதா, ஸ்ட்ரெயிட் (ஐந்தும் வரிசை எண்) பெரிதா?
ஃப்ளஷ். 52 சீட்டில் ஐந்து எடுத்தால் ஸ்ட்ரெயிட் அமைய 10,200 வழி, ஃப்ளஷுக்கு 5,108 தான். அரிதாக வருவது ஜெயிக்கும்.

கேள்வி: டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆடுவது எப்படி?
டீலருக்கு அடுத்த இருவர் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே வைக்கும் கட்டாயப் பந்தயம்) கட்டுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி வரும். பந்தயம். நடுவில் மூன்று சீட்டு திறந்து (ஃப்ளாப்), மறுபடி பந்தயம். அப்புறம் ஒன்று (டர்ன்), இன்னொன்று (ரிவர்), ஒவ்வொன்றுக்குப் பிறகும் பந்தயம். மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஜெயித்தால், பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) உங்கள் பக்கம் வரும்வரை சீட்டைக் கீழே வீசாதீர்கள்.

கேள்வி: நடுவில் ஏஸ், கிங், 9, 7, 4. என்னிடம் ஏஸ்-3, அவரிடம் ஏஸ்-2. நான்தானே?
இல்லை, பாதி பாதி. இருவருக்கும் ஏஸ், ஏஸ், கிங், 9, 7. உங்கள் 3 ஆட்டத்திலேயே இல்லை. அவரிடம் ஏஸ்-ஜாக் இருந்திருந்தால் மொத்தமும் அவருக்கு.

கேள்வி: ராணி, கிங், ஏஸ், 2, 3 ஸ்ட்ரெயிட்டா?
இல்லை.

கேள்வி: ஸ்ட்ரெயிட்டால் ஃப்ளஷை அடிக்க முடியுமா?
முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃப்ளாப்பில் எனக்கு நாலு ஹார்ட்டின். பாட்டில் 100, எதிராளி 50 வைக்கிறார். போடலாமா?
தெரியாத 47 சீட்டில் 9 ஹார்ட்டின், அடுத்த சீட்டில் வர 19%. 150-ஐ எடுக்க 50 போடுகிறீர்கள்; மொத்தம் 200-இல் 50, அதாவது 25% தேவை. விட்டுவிடுங்கள்.

கேள்வி: தப்பு. இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 35% வருமே!
டர்னில் அவர் மறுபடி பந்தயம் வைக்க மாட்டார் என்று யார் சொன்னது? அவர் ஆல்-இன் (கையில் உள்ளதையெல்லாம் வைத்துவிட்டார்) என்றால்தான் 35% முழுசாக உங்களுடையது.

கேள்வி: ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடம் இன்னும் பிடுங்கலாமே?
இது நியாயமான வாதம். 47 தடவையில் 38 முறை 50 போகும்: 1,900. 9 முறை 150 வரும்: 1,350. துண்டு விழும் 550-ஐ ஒன்பதால் வகுத்தால் 61. ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் சராசரியாக அவ்வளவு கூடுதலாகக் கறக்க முடிந்தால் போடுங்கள். நடுவில் மூன்று ஹார்ட்டினைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் கையை மூடிக்கொள்வார்கள். கறந்தாலும் சரி, பாட் வரும்வரை சீட்டை வீசாதீர்கள்.

கேள்வி: இருவருக்கும் ஒரே ஸ்ட்ரெயிட். ஸ்பேட் வைத்திருப்பவர் ஜெயிப்பாரா?
நான்கு இனமும் சமம். பங்கு போடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பணம் கட்டி ஆடலாமா?
அது உங்கள் ஊர்ச் சட்டம். வக்கீலைக் கேளுங்கள்.