ஓடிபிசி (எக்செல் போன்ற மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் வசதி) டெஸ்ட் சரியாக வருகிறது, ஆனால் எக்செல் மட்டும் டேட்டாபேஸோடு இணைய மறுக்கிறது. ஆபீஸை அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

போடாதீர்கள். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வருக்கு பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, டெஸ்ட் பட்டனும் வெற்றி என்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆபீஸை அழித்துப் போட்டு என்ன ஆகப் போகிறது? நீங்கள் அநேகமாகக் கிளையில் கணக்குப் பிரிவில் இருப்பவர், புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தொடங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு உதிரிபாக மொத்த வியாபாரக் கடையில் கணக்குக் கிராணி. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. எங்களுக்கும் இதே கதைதான். மாதக் கணக்கு முடிக்கிற நேரம், ஸ்டாக் பட்டியல் எக்செல்லுக்குள் வரவில்லை. டிரைவருக்கும் (டேட்டாபேஸோடு பேச உதவும் சின்ன மென்பொருள்) அப்ளிகேஷனுக்கும் ஆர்க்கிடெக்சர், அதாவது 32 பிட்டா 64 பிட்டா என்ற வகை, பொருந்தவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. பராமரிப்புக்கு வரும் ஐடி ஆள் ஓடிபிசியைத் திறந்தார், டெஸ்ட் அழுத்தினார், வெற்றி என்று வந்தது. "பார்த்தீங்களா, எங்க பக்கம் எல்லாம் ஓகே, நீங்கதான் எக்செல்லில் ஏதோ பண்ணிட்டீங்க" என்று என்னோடு வேலை செய்யும் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் போன பிறகு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகப் பலகை இரண்டு இருக்கிறது: ஒன்று 32 பிட், இன்னொன்று 64 பிட். தேடும் பெட்டியில் ஓடிபிசி என்று அடித்தாலே இரண்டும் வரும். குழப்பம் எங்கே என்றால், சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் இருப்பதுதான் 64 பிட் பலகை. பழைய கம்ப்யூட்டரில் ஆபீஸ் 32 பிட். 2019 பதிப்பிலிருந்து ஆபீஸ் தானாகவே 64 பிட்டாக இறங்குகிறது, புதுக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் டிரைவரைப் பழைய பென்டிரைவிலிருந்து 32 பிட்டாகவே போட்டிருந்தார்கள். அவர் திறந்த பலகையும் 32 பிட். அதனால்தான் டெஸ்ட் வெற்றி, எக்செல் தோல்வி. 64 பிட் டிரைவரை இறக்கி, 64 பிட் பலகையில் டிஎஸ்என் (எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்ற இணைப்பு விவரம்) புதிதாக எழுதியதும் பட்டியல் வந்துவிட்டது. பழைய டிரைவரை நீக்கவேண்டியதில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். உங்கள் எக்செல் எத்தனை பிட் என்பதை ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் என்று போய்ப் பாருங்கள்.

அதுவும் பொருந்தியிருந்தால் பிழை எண்ணைப் பாருங்கள். பிங் வருவதை நம்பவேண்டாம். சர்வர் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், மைஎஸ்கியூஎல்லின் வாசலான 3306 போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லாது. 10060 என்றால் பதிலே இல்லை, பெரும்பாலும் ஃபயர்வால் விழுங்குகிறது. 10061 என்றால் சர்வர் மறுக்கிறது. மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது 127.0.0.1 முகவரியில், அதாவது அதே கம்ப்யூட்டரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் கேட்கிறது. 1130 வந்தால் நீங்கள் சர்வர் வரைக்கும் போய்விட்டீர்கள், உங்கள் ஐபிக்கு அனுமதி எழுதவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்தால் இது அடிக்கடி வரும், ரௌட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடலாம். அதற்காக 3306-ஐ உலகத்துக்கே திறக்கச் சொல்லாதீர்கள், விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான தனி வழி) கேளுங்கள்.

எக்செல்லை டேட்டாபேஸோடு நேராக இணைப்பதே தவறு என்று இங்கே சிலர் கட்டாயம் எழுதுவார்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கு ஒன்று கொடுத்தால் அதில் தவறே இல்லை. சின்ன கம்பெனியில் ரிப்போர்ட்டுக்குத் தனி மென்பொருள் வாங்க யார் பணம் கொடுப்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு அலுவலகத்தில் கனெக்‌ஷன் போனாலும், பிரிண்டர் நின்றாலும், இ-இன்வாய்ஸ் போகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தில் ஒரு வெள்ளி ஏறவில்லை. கேட்டால், "உங்களுக்கு ஐடி சர்டிபிகேட் இல்லையே" என்கிறார்கள். சர்டிபிகேட் இருந்தவர் செய்யாததைச் செய்தவளுக்கு இந்தப் பதிலா? எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வேலைக்கு வந்த எத்தனையோ பெண்களுக்கு இதுதான் நடக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிட் இரண்டும் ஒன்றாக இருந்தும் வரவில்லையென்றால், எக்செல் காட்டும் பிழையை எண்ணோடு அப்படியே இங்கே போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் சர்வர் முகவரியையும் பாஸ்வேர்டையும் மறைத்துவிடுங்கள்.