எரிமலைத் தீவுக்கு மாணவர்களை அழைத்துப் போகலாமா? ரீயூனியன் கேள்வி-பதில்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 24 பேரை இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அழைத்துப்போக நினைக்கிறோம். எரிமலை என்றதுமே பெற்றோர் பதறுகிறார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது? (புவியியல் ஆசிரியை, கோவை)

சமாளிக்க வேண்டாம், உள்ளதை அப்படியே சொல்லுங்கள். அங்கிருக்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ் (2,632 மீட்டர்) உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் இங்கே பெரும்பாலும் வருவது பாகு போல ஓடும் எரிமலைக் குழம்பு (லாவா). அதுவும் அநேகமாக ‘ஆன்க்ளோ’ எனப்படும், கடல் பக்கம் மட்டும் திறந்த, ஆளில்லாத பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். 2019-இல் நியூசிலாந்தின் வகாரி தீவில் 22 பேர் இறந்ததைப் பெற்றோர் படித்திருக்கலாம். அது வேறு ரகம்: பள்ளத்துக்குள் ஆட்கள் நிற்கும்போதே நீராவி வெடித்தது. இங்கேயும் வெடிப்பு எப்போதாவது உண்டுதான். அதனால்தான் தனியாக ஓர் ஆய்வகமே வைத்து மலையைக் கண்காணிக்கிறார்கள். நில அதிர்வு கூடினால் அரசு நிர்வாகம் ஆன்க்ளோவை மூடிவிடும்.

என்னைக் கேட்டால், நெருப்பைவிடப் பனிமூட்டத்துக்கும் வெயிலுக்கும் கடலுக்கும்தான் பயப்பட வேண்டும். சுறா தாக்குதல்களால் 2013 முதல் லகூனுக்கும் (பவளத்திட்டு அரணிட்ட ஆழமில்லாத கடல்) கண்காணிப்புள்ள சில இடங்களுக்கும் வெளியே கடலில் குளிக்கத் தடை இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நாங்கள் போயிருக்கும்போதே மலை பொங்கினால் பயணம் வீணா? (தாளாளர், மதுரை)

வீணா! பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடைபயணம் மட்டும் ரத்தாகும், அதற்கு மாற்றுத் திட்டம் கையில் இருக்க வேண்டும். பூர்-முரா என்ற ஊரில் எரிமலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அரை நாள் போய்விடும். அப்புறம் கிழக்குக் கரைச் சாலை. பழைய குழம்பு சாலையைக் குறுக்கே கடந்து கடலில் இறங்கிய இடங்களில் எந்த ஓட்டம் எந்த ஆண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். இளசான ஓட்டத்தில் சாம்பல் நிறப் பாசி, பழையதில் பெரணி, இன்னும் பழையதில் மரம். காடு எப்படி முளைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே சாலையில் பித்தோன் செந்த்-ரோஸ் என்ற ஊர். 1977 ஏப்ரலில் குழம்பு ஆன்க்ளோவுக்கு வெளியே கிளம்பி இந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. மாதா கோவில் வாசலில் நுழைந்து நின்றுவிட்டது. கட்டடம் தப்பியது. இன்றும் சுவரை ஒட்டிக் கறுப்பாக உறைந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். நான் சரிவும் குழம்பின் கெட்டித்தன்மையும் என்பேன். மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து அங்கேயே வாதாட விடுங்கள். எரிமலை ஆய்வகம் வந்ததே இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

எந்த மாதம் நல்லது? எங்களுக்கு ஏப்ரல், மே விடுமுறைதான். (உடற்கல்வி ஆசிரியர், திருச்சி)

மே. ஏப்ரலில் புயல் பருவம் முழுதாக முடிந்திருக்காது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இதே மலையில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்!

மே மாதத்திலும் காலைப் பொழுதை நம்பித்தான் திட்டம் போட வேண்டும். பா த பெல்கோம்ப் என்ற விளிம்பில் (2,311 மீட்டர்) விடியும்போது நின்றால் முழு மலையும் தெரியும். முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும். பாறையில் வெள்ளைப் பெயிண்டால் வழி குறித்திருக்கிறார்கள். மூட்டத்தில் அடுத்த புள்ளி தெரியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், தேடிப் போகக் கூடாது. உச்சிவரை போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். வழியில் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்நூற்றுச் சொச்சம் படி இறங்கி ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் செங்கூம்பு வரை போய்த் திரும்பினாலே போதும். அந்தப் பெயருக்குக் குழியானை என்று பொருள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அதே பூச்சிதான். பார்த்ததும் ஏன் அந்தப் பெயர் என்று புரியும்.

விளையாட்டு ஷூ போதுமா? (பெற்றோர், சேலம்)

அடிப்பாகம் புதிதாக, கெட்டியாக இருந்தால் போதும். ஒரு முறை என்னோடு வந்த பையனின் பழைய ஷூ பாதி வழியில் வாயைப் பிளந்துவிட்டது. பை கட்டிவந்த கயிற்றால் சுற்றிக்கட்டித்தான் படியேற்றினோம். குழம்புப் பாறை அரம் மாதிரி. விழுந்தால் உள்ளங்கை கிழியும், மெல்லிய கையுறை வாங்கிக் கொடுங்கள். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டரும் வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (பெற்றோர், கும்பகோணம்)

கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சோறு, சிலாவோஸ் ஊர்ப் பருப்பு, காரமான ‘ருகாய்’ சட்னி எங்கும் உண்டு. அங்கே ‘ப்ரேத் முரும்’ என்றொரு கீரை வரும். வேறொன்றுமில்லை, நம் முருங்கை. அடிமை முறை ஒழிந்த 1848-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். அவர்களை ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள். தீமிதிகூட நடக்கிறது.

விசா? (அதே ஆசிரியை, கோவை)

தீவு பிரான்சின் பகுதி, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வளையத்துக்குள் இல்லை. விண்ணப்பத்தில் ரீயூனியன் என்றே குறிப்பிடுங்கள்.

ஒரு கல் எடுத்து வரலாமா சார்? (மாணவர், புதுச்சேரி)

கூடாதப்பா. மலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆனால் உனக்கு அந்தக் கல்லின் அண்ணனைக் காட்டுகிறேன். பூமிக்கு அடியில் ஒரே இடத்தில் சூடு கிளம்பிக்கொண்டிருக்க, மேலே நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போனது. ரீயூனியனுக்குக் கீழே இன்று இருக்கும் அந்தச் சூட்டுக்கு மேலேதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இருந்தது. அப்போது பொங்கியதுதான் தக்காணத்தின் பசால்ட், அதாவது குழம்பு இறுகிய கரும்பாறை. லட்சத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் தீவுகள் எல்லாம் அந்தச் சூட்டின் மேல் தட்டு நகர்ந்துபோன தடம். நம்மூர்க் கோவில் கருங்கல் அந்த ரகம் இல்லை, குழப்பிக்கொள்ளாதே. அஜந்தா குகைகளைக் குடைந்தார்களே, அந்தப் பாறைதான் அது. போகும்போது தொட்டுப் பார்.