மினிட்ஸ் யார் எழுதுவது?

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். பதினோரு வருட அனுபவம். டீமில் ஒன்பது பேர், நான் ஒருத்திதான் பெண். வாராவாரம் மீட்டிங்கில் பேசியதைக் குறித்துவைக்கும் மினிட்ஸை எழுதுவது நான். பிறந்தநாளுக்குக் கேக் ஆர்டர் செய்வது நான். புதிதாகச் சேர்ந்த பையன் மனசு உடைந்துபோனால் கூப்பிட்டுப் பேசுவதும் நான்தான். அப்ரைசலில் இதற்கெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது. ஒருமுறை கேட்டேன். “நீங்கதான் மேடம் நீட்டா எழுதுவீங்க” என்று சிரித்தார் மேனேஜர். மறுபடி கேட்டால் சண்டைக்காரி என்று பெயர் வந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. டோக்கியோவில் எங்கள் கிளையன்ட் ஆபீஸில் இருக்கும் தோழியும் இதையேதான் சொல்கிறாள். எல்லா நாட்டிலும் இப்படித்தானா, இல்லை நான்தான் சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் படபடப்பை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பதினோரு மணிக்கு ஃபிளாஸ்கில் டீ வரும். அதை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பவர் ஒரு அக்கா. பதவியில் எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர். யாருக்குச் சர்க்கரை கூடாது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். இருபது வருடம் குடித்தோம், ஒருவனுக்கும் உறுத்தவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் ஃபிளாஸ்க் மேசையில் அப்படியே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு டீக்கடைப் பையன் வந்து தூக்கிப் பார்த்தான். “யாரும் குடிக்கலையா சார்?” என்று கேட்டான்.

ஜப்பானிலும் ஆபீஸில் டீ கொடுப்பது பெண்களின் வேலையாகத்தான் வெகுகாலம் இருந்தது. அதற்கு ‘ஒச்சாகுமி’ என்று தனிப் பெயரே உண்டு. 2019-இல் அங்கே யூமி இஷிகாவா என்ற நடிகை, பகுதிநேரமாக வேலை செய்த இடத்தில் குதிகால் செருப்பு போடச் சொன்னதை எதிர்த்து எழுதினார். ஜப்பானிய மொழியில் ‘குட்சு’ என்றால் செருப்பு, ‘குட்சூ’ என்றால் வலி. இரண்டையும் பாலியல் தொல்லைக்கு எதிரான ‘மீ டூ’ இயக்கத்தின் பெயரோடு சேர்த்து ‘குட்டூ’ என்று பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு அமைச்சகத்துக்குப் போனது. வேலைக்குத் தேவை என்று சமூகம் ஏற்றுக்கொண்டதுதானே என்ற ரீதியில் பேசினார் அன்றைய தொழிலாளர் அமைச்சர். உங்கள் மேனேஜருக்கு அவர் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். ஆனாலும் அடுத்த வருடமே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்குக் குதிகால் செருப்பு கட்டாயமில்லை என்று மாற்றிக்கொண்டது.

நம் ஊர்க் கணக்கும் உண்டு. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் மட்டும். நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான் எட்டிப் பார்க்கிறார்கள். வீட்டில் அப்படிப் பழகிய கை, ஆபீஸில் எப்படிப் பேனாவை எடுக்கும்?

சண்டைக்காரி என்ற பெயருக்குப் பயப்படுகிறீர்கள். ஐஸ்லாந்துப் பெண்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. 1975-இல் ஒருநாள் எல்லா வேலையையும் நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தபோது, வேலைநிறுத்தம் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், முதலாளிகளும் முறைப்பார்கள் என்று யோசித்து, ‘பெண்கள் விடுமுறை நாள்’ என்று பெயர் வைத்தார்கள். சண்டையில்லை, லீவுதான். அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலைக்கும் போகவில்லை, வீட்டில் சமைக்கவும் இல்லை. மீன் ஆலைகள் நின்றன. பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக் கிடந்ததால் அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சுலபமாகச் சமைக்கலாம் என்று எல்லோரும் சாசேஜ் வாங்கப் போய், கடைகளில் அது தீர்ந்தே போனது. அந்த நாளை ஆண்கள் ‘நீண்ட வெள்ளி’ என்று சொல்வதுண்டு. ஐந்து வருடம் கழித்து, தனியாக ஒரு மகளை வளர்த்துவந்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் மூன்று ஆண்களைத் தோற்கடித்து அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வெள்ளிக்கிழமை இல்லையென்றால் தான் வந்திருக்க முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 2023-இல் அதே தேதியில் மறுபடி வேலையை நிறுத்த வேண்டி வந்தது. அப்போது பிரதமரும் பெண். அவரும் அன்று வேலைக்குப் போகவில்லை.

நீங்களும் லீவு எடுங்கள். ஆபீஸுக்கு அல்ல, மினிட்ஸுக்கு. அடுத்த மீட்டிங்குக்கு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, “இந்த வாரம் வேற யாராவது எழுதட்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடம் நீங்களும் திறக்காதீர்கள், அதுதான் கஷ்டம். கடைசியில் யார் எழுதினார் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். கேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.