வீட்டில் தாண்டுகிறாள், போட்டியில் நின்றுவிடுகிறாள்

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறேன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற பெண் குதிரை ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் 80 சென்டிமீட்டர் தடையைக்கூடச் சுலபமாகத் தாண்டுகிறாள். கோயம்புத்தூரில் தொடக்கநிலைப் போட்டிகளில் 60 சென்டிமீட்டர் பிரிவில்தான் இறங்கினேன். மைதானத்துக்குள் போனதுமே நடுங்கி வியர்க்கிறாள். பூந்தொட்டி வைத்த தடைக்கு முன்னால் நின்றேவிடுகிறாள். இரண்டு முறையும் வெளியேற்றிவிட்டார்கள். "சவுக்கால நாலு போடு, இல்லாட்டி வித்துடு" என்கிறார்கள். என்ன செய்யட்டும், அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

விற்க வேண்டாம், சவுக்கும் வேண்டாம். மிரண்டு நிற்கும் குதிரையை அடித்தால், அந்தத் தடையோடு வலியும் சேர்ந்து அதன் மனதில் பதிந்துவிடும். தோட்டத்தில் 80 தாண்டுகிறவளுக்கு 60 ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குத் தாண்டத் தெரியும், அந்த இடம்தான் பயமாக இருக்கிறது. இனி உங்கள் வேலை இடத்தைப் பழக்குவது. தடையை உயர்த்துவதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

அதற்கு முன், ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடி ஓய்ந்த குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சர்வ சாதாரணம். முதுகு வலி, பொருந்தாத சேணம், பல் கூர்மை எல்லாமே தடைக்கு முன் நிற்க வைக்கும். குதிரை பார்த்துப் பழகியவர் மதுரையில் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். வலி இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

அவள் பந்தயத்தில் வளர்ந்தவள். கூட்டமும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் நாலு குதிரையும் சேர்ந்தால், இப்போது ஓடப்போகிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். லகானை இறுக்கினால் நிற்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பந்தயக் குதிரைகள் பல அந்த இறுக்கத்தின்மேல் சாய்ந்துகொண்டே இன்னும் வேகமெடுக்கப் பழகியவை. நீங்கள் பதறிப் பிடிக்கப் பிடிக்க அவளும் பதறுவாள். ஸ்வீடனில் செய்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குதிரை மேல் இருப்பவரிடம் "இந்தச் சுற்றில் பக்கத்தில் குடை விரிப்போம்" என்று சொன்னார்கள், ஆனால் விரிக்கவில்லை. சொன்னதைக் கேட்டவரின் இதயத் துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி எதுவும் தெரியாத குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது. ஆகவே தடையை நெருங்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். வாய்விட்டு எண்ணுங்கள், பாட்டு முணுமுணுங்கள், எதுவானாலும் சரி.

லகானைத் தளர்த்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்ச இடம் அதற்குத் தெரியாது. தாவுகிற கடைசிக் கணத்தில் தடை பார்வையிலிருந்தே நழுவிவிடும். அதுவரை பார்த்ததை நம்பித்தான் தாவுகிறது. தூரத்தை அளக்கத் தலையை ஏற்றி இறக்க வேண்டும். லகான் இறுகிக் கிடந்தால் அதற்கு வழியே இல்லை. இரண்டு கைகளையும் பிடரியை ஒட்டி முன்னால் விட்டுவிடுங்கள். நிறமும் அப்படித்தான். நீலம், மஞ்சள், வெள்ளை அதற்குப் பளிச்சென்று தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நமக்கு அழகாகத் தெரியும் பூந்தொட்டி அவளுக்கு இன்னதென்று புரியாத ஒரு குவியல்.

ஆகவே தோட்டத்தைப் போட்டி மைதானம் மாதிரி ஆக்குங்கள். பூந்தொட்டி, பழைய பிளெக்ஸ் பேனர், நீல டிரம், தோரணக் கொடி என்று வாரம் ஒன்றைக் கொண்டு வையுங்கள். முதலில் அதன் பக்கத்தில் நடக்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும். அப்புறம் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டையை வைத்துத் தாண்டட்டும். மைக் செட் சத்தத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. திருவிழா நாளில் பந்தலுக்கு வெகு தூரத்தில், சத்தம் லேசாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திச் சோளத்தட்டை போடுங்கள். நிம்மதியாகத் தின்றால் மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள். தின்பதை நிறுத்தினால் பின்வாங்கிவிடுங்கள். வேட்டுச் சத்தத்துக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்த போட்டிக்குப் போங்கள், ஆனால் இறங்காதீர்கள். மைதானத்தைச் சுற்றி நடத்திவிட்டுத் திரும்பி வாருங்கள், அதுவே பெரிய பயிற்சி. திண்டுக்கல், தாராபுரம் வழியாகப் போவதற்கே பல மணி நேரம் ஆகும், அத்தனை நேரமும் அவள் லாரியில் காலை ஊன்றித் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். இரவிலோ விடியலிலோ கிளம்புங்கள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலையைத் தரைவரை தாழ்த்த விடுங்கள். தலையை உயரக் கட்டியே கொண்டுபோனால் நுரையீரலில் சளி தங்கிவிடும். முடிந்தால் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அவளுக்கு வேலை குறைந்த நாட்களில் கொள்ளுத் தீனியைக் குறைத்துத் தட்டையைக் கூட்டுங்கள்.

களத்தில் இறங்கும் நாளில் 60 வேண்டாம், இருப்பதிலேயே தாழ்வான பிரிவு போதும். களத்துக்கு முன் உடம்பைப் பழக்கும் இடத்தில் நிறைய நடை, சில தாவல்கள், அவ்வளவுதான். அவள் நன்றாகத் தாண்டினதும் நிறுத்திவிடுங்கள், இன்னொன்று என்று ஆசைப்படாதீர்கள். சர்வதேச விதிப்படி மணி அடித்த பிறகு தொடக்கக் கோட்டைக் கடக்க 45 விநாடி இருக்கிறது. அந்த நேரத்தில் பூந்தொட்டித் தடையை ஒட்டி டிராட்டில், அதாவது மெதுவான ஓட்டநடையில், கடந்து போகலாம். அதன் முன் நிறுத்திக் காட்டினால் வெளியேற்றிவிடுவார்கள், கவனம். எத்தனை முறை நின்றால் வெளியேற்றம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சர்வதேச விதியில் இரண்டாவது முறையே வெளியேற்றம், தொடக்கநிலைப் போட்டிகளில் சில இடங்களில் மூன்றாவது. அவள் நடுங்க ஆரம்பித்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

மயக்க ஊசி போட்டால் சாதுவாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போட்டியில் அது தடை செய்யப்பட்டது. தடுமாறும் குதிரையோடு தாவினால் இருவருக்கும் உயிர் ஆபத்து. ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் இல்லாமல் தோட்டத்தில்கூட ஏறாதீர்கள்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சேணம் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.