பதினெட்டு விநாடி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கும்பகோணத்தில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெரியம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தபோதுதான் மருத்துவமனையில் ‘பிசிசிஸ்ட்’ என்றொருவர் இருப்பதை அறிந்தேன். அவருடைய வேலை என்ன? அதற்கு என்ன படிக்க வேண்டும்? ஆயுள் முழுவதும் கதிர்வீச்சின் அருகில் இருப்பது ஆபத்தல்லவா என்று அம்மா அஞ்சுகிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்பதை முடிவுசெய்பவர் புற்றுநோய் மருத்துவர். அந்த அளவு, பக்கத்திலுள்ள நல்ல உறுப்புகளை இயன்றவரை விலக்கி, சொன்ன இடத்தில் சொன்னபடி சேர்வதற்குப் பொறுப்பேற்பவர் என்னைப் போன்ற மருத்துவ இயற்பியலாளர். தொண்டைப் புற்றுக்கு 70 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) என்றால், நாளுக்கு 2 கிரே வீதம் 35 தவணைகளாகக் கொடுப்பது வழக்கம். அந்த 2 கிரே உண்மையிலேயே 2 கிரேதானா என்பதை, நீர்த்தொட்டியில் 10 செ.மீ. ஆழத்தில் அயனியாக்க அறை எனும் சிறு அளவுக்கருவியை வைத்து நாங்கள்தான் அளந்து சொல்கிறோம். அந்த எண் பிழைத்தால், அது அந்த இயந்திரத்தின் கீழ் படுக்கும் அத்தனை பேரையும் பாதிக்கும்.

1996இல் கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே நகரில், சிகிச்சை இயந்திரத்தில் கதிரைத் தரும் கோபால்ட் மூலத்தை மாற்றிவிட்டு அளவெடுத்தபோது 0.3 நிமிடத்தை 30 விநாடியாகக் கொண்டுவிட்டார்கள். அது 18 விநாடி. 18 விநாடியில் வந்த கதிரை 30 விநாடிக்குரியதாகக் கணக்கிட்டதால் புதிய மூலம் உண்மையைவிட வலுக்குறைந்ததாகத் தோன்றியது. ஒவ்வொருவருக்கும் சிகிச்சை நேரம் கூட்டப்பட்டது. 115 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். இன்னொருவர் அந்தக் கணக்கைத் தனியே போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். தன் கணக்கை மற்றவர் சரிபார்ப்பதை அவமதிப்பாக நினைப்பவர், எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த வேலைக்கு வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படிப்புக்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் உள்ளன. பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் நேரடியாக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துவதைப் போன்ற ஓராண்டுக் கதிரியக்க இயற்பியல் பட்டயம் பெறலாம். எவ்வழியானாலும், கதிர்வீச்சு சிகிச்சைத் துறையொன்றில் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்புக்குத் தனித் தேர்வும் எழுத வேண்டும். கட்டணம் கட்டும் முன், அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் அச்சம் நியாயமானதே. ஆனால் லினாக் எனப்படும், மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரத்தில் கதிர் வரும் நேரத்தில் நாங்கள் தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே இருக்கிறோம். நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். எங்களைப் போன்ற பணியாளர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரால் உடலுக்கு நேரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு). மூன்று மாதத்துக்கொருமுறை ஆய்வுக்குப் போகும் என் டி.எல்.டி. பேட்ஜ் (நான் பெறும் கதிரைப் பதிவுசெய்ய உடையில் அணிவது) காட்டிய அளவு இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த வரம்பின் அருகில் வந்ததில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் உங்களோடு அழைத்து வாருங்கள், அந்தச் சுவரைக் காட்டுகிறேன்.